விநாடிக்கு மூன்று கிலோ

அறிவியல் கேள்வி – பதில்

சென்ற இதழில் செவ்வாயின் வறண்ட ஆற்றுத் தடங்களைப் பற்றிய குறிப்பை, "அதன் காற்றைச் சூரிய ஒளிதான் கொண்டு போனது" என்று ஒரே வரியில் முடித்திருந்தோம். அந்த வரி யாருக்கும் போதவில்லை என்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களைப் பிரித்ததும் தெரிந்தது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கே: வெயில் பட்டால் தண்ணீர் ஆவியாகும், சரி. காற்று ஏற்கெனவே ஆவிதானே? அது வெயில் பட்டு எங்கே போகும்?
*– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்*

ஐயா, உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். பால்மரக் காட்டின் நடுவே நின்று ஒரு கல்லை வீசினால் பத்தடி போவதற்குள் ஏதாவது ஒரு மரத்தில் பட்டு விழும். கடைசி நிரையில் நின்று வெளியே வீசினால் தடுக்க ஒன்றுமில்லை. கையில் எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவு தூரம் போகும். வளிமண்டலத்துக்கும் அப்படி ஒரு கடைசி நிரை உண்டு.

தரைமட்டத்தில் ஒரு காற்று மூலக்கூறு அடுத்த மூலக்கூறில் இடிக்காமல் போகும் தூரம், ஒரு மில்லிமீட்டரைப் பதினையாயிரமாக வெட்டினால் கிடைக்கும் ஒரு துண்டு. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் உயரத்தில் அதே தூரம் பல கிலோமீட்டராகிவிடுகிறது. அங்கே மேல்நோக்கிக் கிளம்பும் துகள் வேறெதிலும் மோதாமலே வெளியேறிவிடலாம். பூமியின் கடைசி நிரை அதுதான். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் அது சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது.

ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது, வேகமும் வேண்டும். பூமியை விட்டுப் போக விநாடிக்கு 11.2 கிலோமீட்டர், செவ்வாயை விட்டுப் போக 5, நிலவை விட்டுப் போக 2.4. இதை விடுபடு வேகம் என்பார்கள். அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் சூரிய ஒளியின் வேலை. அதுவும் நம் முதுகைச் சுடும் வெயில் அல்ல. சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில், வளிமண்டலத்துக்கு மேலே, 1361 வாட் ஒளி விழுகிறது. பெரும்பகுதி மேல் வளிமண்டலத்தைத் தொடாமலே கீழே இறங்கிவிடும். உச்சியில் உறிஞ்சப்படுவது அதிதீவிரப் புற ஊதாக் கதிர் மட்டுமே. அதன் அளவு சதுர மீட்டருக்குச் சில மில்லிவாட், அதாவது மொத்த ஒளியில் பத்து லட்சத்தில் சில பங்கு. உச்சியில் காற்றே மிகச் சொற்பம் என்பதால் இந்தச் சிறு தீனி அதை ஆயிரம் கெல்வின் (செல்சியஸில் சுமார் 730 டிகிரி) வரை சூடேற்றிவிடுகிறது.

கே: எந்தக் கோளில் எந்த வாயு தங்கும், எது போகும் என்று கால்குலேட்டரில் கண்டுபிடிக்க முடியுமா? பள்ளி அறிவியல் விழாவில் வைக்க வேண்டும்.
*– படிவம் 5 மாணவன்*

முடியும் தம்பி. மூன்றே எண்கள் போதும்.

முதலில் கடைசி நிரையின் வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்துக்கொள். பூமிக்கு 1000, செவ்வாய்க்கு 250 என்று வை. அடுத்து வாயுவின் அணுநிறை அல்லது மூலக்கூறு நிறை. ஹைட்ரஜன் அணுவுக்கு 1, ஹீலியத்துக்கு 4, ஆக்சிஜன் அணுவுக்கு 16, நைட்ரஜன் மூலக்கூறுக்கு 28. வெப்பநிலையை நிறையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 158 ஆல் பெருக்கு. வருவது அந்த வாயுத் துகள்களின் வழக்கமான வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று. அதை 6 ஆல் பெருக்கி விடுபடு வேகத்தோடு ஒப்பிடு. ஆறு மடங்கும் விடுபடு வேகத்துக்குள் அடங்கினால் அந்த வாயு நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் தங்கும். தாண்டினால் கசியும்.

ஆறு மடங்கு ஏன்? எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பெரும்பாலானவை வழக்கமான வேகத்தை ஒட்டி ஓடும், ஒன்றிரண்டு மட்டும் பல மடங்கு பறக்கும். ரப்பர் பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியா கொதிக்காமலே மூக்கைத் துளைக்கிறதே, அதுவும் இந்த வேகக்காரத் துகள்களின் வேலைதான். அவை போனதும் மிச்சமுள்ளவை மோதி மோதிப் புதிய வேகக்காரர்களை உருவாக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் வளிமண்டலம் என்னும் டிரம்மே காலி.

போட்டுப் பார்ப்போம். பூமியில் ஹைட்ரஜன்: 1000 ஐ 1 ஆல் வகுத்து வர்க்கமூலம் 31.6. அதை 158 ஆல் பெருக்கினால் விநாடிக்கு 5 கிலோமீட்டர், ஆறு மடங்கு 30. விடுபடு வேகம் 11.2 தான், ஆகவே போகும். ஹீலியம்: ஆறு மடங்கு 15. அதுவும் போகும், மெதுவாக. நைட்ரஜன்: ஆறு மடங்கு 5.7. தங்கும். நிலவின் பகல் தரை 390 கெல்வின் வரை சூடாகிறது. அங்கே நைட்ரஜனின் ஆறு மடங்கு 3.5, விடுபடு வேகமோ 2.4. நிலவில் காற்று ஏன் இல்லை என்பதற்கு இந்த ஒரு வரிக் கணக்கே போதும். அதன் பக்கத்தில் சனிக் கோளின் துணைக்கோள் டைட்டனையும் வைத்துக் காட்டு. விடுபடு வேகம் 2.6, நிலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனாலும் பூமியைப்போல் ஒன்றரை மடங்கு காற்றழுத்தத்தோடு நைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்கிறது. காரணம் குளிர்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடங்கள் மூன்று. செல்சியஸைப் போட்டுவிடுவார்கள். தரையின் வெப்பநிலையைப் போட்டுவிடுவார்கள்: வெள்ளிக் கோளின் தரை 460 டிகிரி செல்சியஸ், ஆனால் அங்குள்ள கரிவளி (கார்பன் டைஆக்சைடு) வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு அனுப்பிவிடுவதால் அதன் கடைசி நிரை 300 கெல்வினைத் தாண்டுவதில்லை. பூமியின் உச்சிதான் மூன்று மடங்கு சூடு! மூன்றாவது தவறு, ஹைட்ரஜனுக்கு 2, ஆக்சிஜனுக்கு 32 என்று போடுவது. அவ்வளவு உயரத்தில் புற ஊதாக் கதிர் மூலக்கூறுகளை உடைத்துவிடும். அங்கே இருப்பவை பெரும்பாலும் தனி அணுக்கள்.

கே: அதே கணக்கைச் செவ்வாயின் ஆக்சிஜனுக்குப் போட்டால் ஆறு மடங்கு 3.75 தான் வருகிறது. விடுபடு வேகம் 5. அப்படியானால் தங்கியிருக்க வேண்டுமே? கரிவளிக்குப் போட்டால் இன்னும் குறைகிறது. பிறகு செவ்வாயின் காற்று எப்படிப் போனது?
*– தமிழ்ப்பள்ளி ஆசிரியை*

இந்தத் தொகுப்பிலேயே முக்கியமான கேள்வி இது. உங்கள் கணக்கில் பிழை இல்லை. வெறும் சூட்டினால் செவ்வாய் ஆக்சிஜனை இழக்கவே முடியாது. "வெயிலில் காய்ந்து போயிற்று" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது ஹைட்ரஜனுக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஆக்சிஜன் போவது வேறு வழி. ஒளி அதைச் சூடேற்றி அனுப்புவதில்லை. உடைத்து, உதைத்து அனுப்புகிறது. படிப்படியாகப் பாருங்கள்.

புற ஊதாக் கதிர் ஒரு கரிவளி மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. மூலக்கூறு மின்னேற்றம் பெற்ற அயனியாகிறது. அந்த அயனி அருகிலுள்ள ஆக்சிஜன் அணுவைச் சந்தித்தால் இரண்டும் பங்கு மாற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜன் மூலக்கூறு அயனியும் ஆகின்றன. செவ்வாயின் வளியில் 95 விழுக்காடு கரிவளிதான் என்றாலும் அதன் அயனி மண்டலத்தில் பெரும்பங்கு ஆக்சிஜன் அயனியாக இருப்பது இதனால்தான்.

இந்த அயனியிடம் அலைந்து திரியும் ஒரு எலக்ட்ரான் வந்து சேர்கிறது. சேர்ந்ததும் மூலக்கூறு நிலைகொள்ளாமல் இரண்டு அணுக்களாக வெடித்துப் பிரிகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் அதிகபட்சம் 7 எலக்ட்ரான் வோல்ட் (அணுக்களின் ஆற்றலை அளக்கும் சிறு அலகு). இரண்டு அணுவும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 3.5, வேகத்தில் சொன்னால் விநாடிக்கு 6.5 கிலோமீட்டர். செவ்வாயை விட்டுப் போக ஓர் ஆக்சிஜன் அணுவுக்குத் தேவை 2 எலக்ட்ரான் வோல்ட்தான். தாராளமாகப் போகலாம்.

இதே வெடிப்பு பூமியின் உச்சியிலும் நடக்கிறது, வெள்ளியிலும் நடக்கிறது. ஆனால் பூமியை விட்டுப் போக ஆக்சிஜன் அணுவுக்கு 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், வெள்ளியை விட்டுப் போக 9. கையில் இருப்பதோ 3.5. மேலே எழும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் கீழே விழுகிறது. ஒளி மூன்று கோள்களிலும் ஒரே உதையைத்தான் கொடுக்கிறது. அந்த உதைக்குத் தாங்காத அளவுக்குச் சிறியது செவ்வாய் மட்டும்.

உதைபட்ட எல்லா அணுவும் தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். பாதி கீழ்நோக்கிப் பாயும். அயனிகள் மிக அடர்த்தியாக இருக்கும் 120, 130 கிலோமீட்டர் உயரத்தில் வெடிப்பவை சுற்றியுள்ள காற்றில் மோதி ஓய்ந்துவிடும். 200 கிலோமீட்டரை ஒட்டி வெடிப்பவைக்கே வாய்ப்பு.

இதோடு சூரியக் காற்றும் சேர்கிறது. அது ஒளி அல்ல, விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மின்னேற்றத் துகள்கள். ஒளி உண்டாக்கிய அயனிகளைச் சூரியக் காற்றின் மின்புலம் பிடித்து இழுக்கிறது. சில வெளியே போகின்றன. சில திரும்ப வந்து வளிமண்டலத்தின் உச்சியில் மோதி, கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் காய்களைத் தெறிக்க விடுவதுபோல், மற்ற அணுக்களைத் தெறிக்க விடுகின்றன. ஒளி முதலில் அயனியாக்காவிட்டால் சூரியக் காற்றுக்குப் பிடிக்கக் கொம்பே இல்லை.

கே: நம் பூமியும் காற்றை இழக்கிறதா? எவ்வளவு?
*– செம்பனை ஆலைத் தொழிலாளி*

இழக்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோ ஹைட்ரஜன், சுமார் 50 கிராம் ஹீலியம். ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஹைட்ரஜன் மட்டும் 95,000 டன். செவ்வாய் இழப்பது எல்லாம் சேர்த்து விநாடிக்கு 2 முதல் 3 கிலோ. படித்ததும் பலருக்கு நம்பிக்கை வராத செய்தி இது: செழிப்பாக இருக்கும் பூமியும் வறண்டுபோன செவ்வாயும் ஏறக்குறைய ஒரே எடையைத்தான் இழந்துகொண்டிருக்கின்றன.

அப்படியானால் மெல்லிய வளிமண்டலம் வேகமாகக் கரையும் என்பது சரியல்ல. கடைசி நிரையில் எந்தக் கோளின் காற்றும் மெல்லியதுதான். கீழே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது அங்கே தெரியாது. வித்தியாசம் கையிருப்பில் இருக்கிறது. செவ்வாயின் தரையில் அழுத்தம் சுமார் 6 மில்லிபார், நம் தரையில் 1013. ஒரே அளவு செலவு, ஒரு வீட்டில் சேமிப்பு கொழிக்கிறது, இன்னொரு வீட்டில் மாதக் கடைசி.

இன்னொன்று, எது போகிறது என்பதும் முக்கியம். பூமியில் போவது ஹைட்ரஜன், அதாவது உடைந்த தண்ணீரின் ஒரு பகுதி. இந்த வேகத்தில் கடல் வற்ற ஒன்றரை லட்சம் கோடி ஆண்டுகளாகும். சூரியனுக்கே அவ்வளவு ஆயுள் கிடையாது.

கே: இங்கே பெய்கிற மழைக்கும் வெயிலுக்கும் நீராவி மேலே போய்க்கொண்டேதான் இருக்கும். அதெல்லாம் உடைந்து போனால் மூன்று கிலோவோடு ஏன் நிற்கிறது?
*– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்*

அம்மா, இதற்கான பூட்டு உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. மாலையில் பேராக் மலைகளுக்கு மேல் இடிமேகம் எழும்பி, உச்சியில் தட்டையாகப் பரவி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் வட்டாரத்தில் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 80 டிகிரி வரை இறங்குகிறது. மேலே போகும் நீராவி அங்கே பனித்துகளாகி விழுந்துவிடும். தரையில் நாம் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு இரண்டு மூன்று மூலக்கூறு நீராவி. அந்தக் குளிர்ப் பொறியைத் தாண்டிய காற்றில் பத்து லட்சத்துக்கு நான்கு. தரையில் எவ்வளவு மழை பெய்தாலும் மேலே போகும் ஹைட்ரஜனின் அளவைக் கட்டிப்போடுவது இந்தப் பொறிதான். பொறிக்கு மேலே இருக்கும் அடுக்கு மண்டலத்துக்குள் காற்று நுழைவது வெப்பமண்டலத்தின் வழியாக. மலேசியா, இந்தோனேசியா வட்டாரத்துக்கு மேலே உள்ள பகுதி அந்த நுழைவாயிலின் மிகக் குளிர்ந்த இடங்களில் ஒன்று. அதனால் உலகத்துத் தண்ணீருக்கு நம் வானமும் ஒரு காவல்.

(மீத்தேனும் கொஞ்சம் ஹைட்ரஜனை மேலே சுமந்து போகும். அது உறையாது என்பதால் பொறியில் சிக்குவதில்லை.)

செவ்வாயில் இந்தப் பூட்டு அடிக்கடி திறந்துகொள்கிறது. அதன் பாதை நீள்வட்டம். சூரியனுக்கு அருகில் வரும்போது, தொலைவில் இருப்பதைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு அதிக ஒளி கிடைக்கிறது. அந்தப் பருவத்தில்தான் புழுதிப் புயல்களும் கிளம்பும். புழுதி ஒளியை உறிஞ்சி நடு வளிமண்டலத்தைச் சூடாக்கும், நீராவி உறையாமல் 60, 80 கிலோமீட்டர் வரை ஏறிவிடும். அங்கே ஒளி அதை நேரடியாகப் பிளந்துவிடும். ஹைட்ரஜன் இழப்பு பருவத்துக்குப் பருவம் பத்து மடங்குக்கு மேல் கூடிக் குறைவதன் காரணம் இது. 2018 ஜூனில் கோள் முழுவதும் மூடிய புயல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியின் சூரியத் தகடுகளை இருட்டாக்கி அதை ஓயவைத்தது. மேலே அதே புயல் தண்ணீரையும் திருடிக்கொண்டிருந்தது.

கே: பிறந்தநாளுக்கு விடும் ஹீலியம் பலூன் வெடித்தால் அந்த வாயு விண்வெளிக்குப் போய்விடுமா?
*– ஆறாம் ஆண்டு மாணவி*

போகும், ஆனால் உடனே அல்ல. பலூன் வெடித்ததும் ஹீலியம் சுற்றியுள்ள காற்றில் கலந்துவிடும். இலேசானது என்பதற்காக நேரே மேலே ஓடாது, காற்றோட்டம் அதைக் கலக்கிக்கொண்டே இருக்கும். கடைசி நிரையை எட்டி வெளியேற, சராசரியாக மில்லியன் ஆண்டுக் கணக்கில் ஆகும். பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து புதிய ஹீலியத்தைத் தந்துகொண்டே இருப்பதால் காற்றில் அது பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற அளவில் நிற்கிறது.

கே: பூமிக்குக் காந்தப்புலம் இருக்கிறது, அதனால் தப்பித்தது. செவ்வாய்க்கு இல்லை, அதனால் இழந்தது. எல்லாரும் சொல்லும் இந்தப் பதில் போதாதா?
*– ஓய்வுபெற்ற எழுத்தர், தோட்ட அலுவலகம்*

போதாது. வெள்ளிக் கோளுக்கும் சொந்தக் காந்தப்புலம் இல்லை. செவ்வாயைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்கிறது. இருந்தும் பூமியைப்போல் 92 மடங்கு அழுத்தமுள்ள காற்றைச் சுமந்துகொண்டிருக்கிறது. இந்த ஓர் எடுத்துக்காட்டே அந்தப் பதிலைத் தடுமாற வைக்கும்.

காந்தப்புலம் மின்னேற்றம் உள்ள துகளை மட்டுமே வளைக்கும். சூட்டில் தப்பும் ஹைட்ரஜனும், மேலே சொன்ன வெடிப்பில் தப்பும் ஆக்சிஜனும் மின்னேற்றமற்றவை. அவற்றுக்குக் காந்தப்புலம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். அயனிகளைச் சூரியக் காற்று வாரிக்கொண்டு போவதை அது தடுக்கும், உண்மை. அதே வேளையில் சூரியக் காற்றின் ஆற்றலை வாங்கித் துருவங்களுக்குத் திருப்பிவிட்டு, அங்கே ஆக்சிஜன் அயனிகள் கசியவும் வழி செய்கிறது. செவ்வாயின் காந்தப்புலம் சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அணைந்தது, இப்போது அதன் தெற்குப் பாறைகளில் ஒட்டுத் துண்டுகள்தான் மிச்சம். அந்த அணைவு இழப்பைக் கூட்டியிருக்கும். ஆனால் முதல் காரணம் கோளின் சிறிய உருவம் என்பதே எங்கள் முடிவு.

வெள்ளியும் இழக்காமல் இல்லை, அது இழந்தது தண்ணீரை. ஹைட்ரஜனுக்கு டியூட்டீரியம் என்று இரு மடங்கு கனமான ஓர் அண்ணன் உண்டு. இலேசானது எளிதில் போகும், கனமானது பின்தங்கும். ஆகவே மிச்சத்தில் டியூட்டீரியத்தின் பங்கு கூடியிருந்தால் நிறையத் தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். பூமியின் கடல்நீரோடு ஒப்பிட்டால் இந்தப் பங்கு செவ்வாயில் ஐந்தாறு மடங்கு. வெள்ளியில் நூறு மடங்குக்கும் மேல்.

கே: செவ்வாய் மொத்தம் எவ்வளவு இழந்தது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?
*– கல்லூரி மாணவி, பேராக்*

2014 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் இரண்டு விண்கலங்கள் செவ்வாயைச் சுற்றத் தொடங்கின: அமெரிக்காவின் மேவன், இந்தியாவின் மங்கள்யான். மேவன் இந்த ஆய்வுக்கென்றே கட்டப்பட்டது. மங்கள்யானின் மென்கா கருவியும் செவ்வாயின் மேல் வளிமண்டலத்தில் எதிர்பார்த்ததைவிடச் சூடான ஆர்கான் இருப்பதைக் கண்டது.

அழகான வேலை ஆர்கானை வைத்துச் செய்யப்பட்டது. ஆர்கான் எதோடும் சேராது, பாறைக்குள்ளும் புதையாது, பனியாகவும் ஒளியாது. அது குறைந்தால் விண்வெளிக்குப் போயிருக்க வேண்டும். அதுவும் கேரம் காய்போல் தெறித்துப் போகும் ஒரே வழியில்தான். அதில் 36, 38 என்று இரண்டு எடை வகைகள் உண்டு. இலேசான 36 உயரத்தில் அதிகம் மிதப்பதால் அது முந்திக்கொண்டு போகும். உயரத்துக்கு உயரம் இந்த விகிதம் எப்படி மாறுகிறது என்று மேவன் அளந்தது. தரையில் உள்ள விகிதத்தைக் கியூரியாசிட்டி ஊர்தி தந்தது. இரண்டையும் வைத்து 2017 இல் வந்த விடை: செவ்வாய் தன் ஆர்கானில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இழந்திருக்கிறது.

இன்றைய இழப்பு வேகத்தை எடுத்து ஆண்டுகளால் பெருக்கலாமே என்று தோன்றும். செய்து பார்த்தால் 420 கோடி ஆண்டுகளுக்கும் சேர்த்து 80 மில்லிபார் அளவுக்குத்தான் வரும், ஆறு ஓட அது காணாது. இளம் சூரியன் இன்றையதைவிடக் குறைந்த ஒளி தந்தாலும், புற ஊதாக் கதிரை மட்டும் பல மடங்கு அள்ளி வீசியது. முதல் சில நூறு மில்லியன் ஆண்டுகளில் பத்து மடங்குக்கும் மேல். அதைக் கணக்கில் சேர்த்தால் இழப்பு 800 மில்லிபாரை ஒட்டி வருகிறது. கிட்டத்தட்ட இன்று நாம் சுவாசிக்கும் அளவு.

எதிர்காலத்துக்குப் பெருக்குவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மிச்சமுள்ள காற்றை விநாடிக்கு இரண்டரை கிலோவால் வகுத்தால் 30 கோடி ஆண்டில் தீர்ந்துவிடும் என்று வரும். தவறு. இன்று போவது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், அதாவது துருவப் பனியிலிருந்து எழும் தண்ணீர். கரிவளியின் கார்பன் அதைவிட மெதுவாகவே போகிறது.

கே: ஒளியே நேராகத் தள்ளிவிடுமா?
*– வாசகர், சுங்கை சிப்புட்*

புதன் கோளில் தள்ளுகிறது. அங்கே வளிமண்டலம் என்று சொல்ல ஒன்றுமில்லை, தரையிலிருந்து கிளம்பிய சோடியம் போன்ற சில அணுக்கள் மட்டும் மிதக்கின்றன. சோடியத்தை 1985 இல் கண்டுபிடித்தார்கள். பழைய தெருவிளக்குகளின் அந்த மஞ்சள் ஒளி சோடியத்தினுடையது. அதே மஞ்சளை அணு சூரிய ஒளியிலிருந்து உறிஞ்சும்போது ஒவ்வொரு முறையும் சிறு தள்ளு வாங்குகிறது. எண்ணற்ற தள்ளுகள் சேர்ந்து அணுக்களைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விரட்டுவதால் புதனுக்கு வால்நட்சத்திரம்போல் ஒரு வால், இரண்டு கோடி கிலோமீட்டருக்கும் மேல் நீளம். சோடிய மஞ்சளை மட்டும் விடும் வடிகட்டியைக் கேமராவில் பொருத்தி அமெச்சூர்கள்கூடப் படமெடுத்திருக்கிறார்கள்.

கே: புளூட்டோ அத்தனை சிறியது. அதன் காற்று எப்போதோ போயிருக்க வேண்டுமே?
*– படிவம் 6 மாணவன்*

அறிஞர்களும் அப்படித்தான் கணித்தார்கள். விடுபடு வேகம் 1.2 கிலோமீட்டர்தான், நைட்ரஜன் ஆறாகப் பெருகி ஓடும் என்றார்கள். 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அருகில் போய்ப் பார்த்தபோது, கணித்ததைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவாகவே நைட்ரஜன் கசிந்தது. தப்புவதில் முதலிடம் மீத்தேனுக்கு. மேல் வளிமண்டலம் எதிர்பார்த்ததைவிட மிகக் குளிர்ந்து, சுமார் 70 கெல்வினில் கிடந்தது.

கணக்கு பிசகியது வெப்பநிலையில். வர்க்கமூலத்துக்குள் இருக்கும் எண்தான், கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் தப்பிப் போகும் வேகக்காரர்களின் எண்ணிக்கை வெப்பநிலை சற்றுக் குறைந்தாலே பாதாளத்தில் விழும். குளிரவைத்தது யார்? புற ஊதாக் கதிர் மீத்தேனை உடைக்கிறது, உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் புகைமூட்டமாகின்றன. அந்தத் துகள்கள் வெப்பத்தை அகச்சிவப்பாக வெளியே அனுப்பிவிடுகின்றன என்பதே இன்று வலுவாக நிற்கும் விளக்கம். காற்றைத் திருட வந்த ஒளி, தானே ஒரு கூரையும் போட்டுக் கொடுத்துவிட்டது.

கே: வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களில்?
*– அதே மாணவன்*

உண்டு, பயங்கரமாக. 2003 இல் ஹபிள் தொலைநோக்கி, எச்டி 209458பி என்ற வாயுக் கோளிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதைக் கண்டது. அங்கே ஓரிரண்டு அணுக்கள் தப்புவதில்லை. பால் பொங்கி வழிவதுபோல் மேல் அடுக்கே பெருகி வழிகிறது. ஆறு மடங்கு விதியை அங்கே எடுத்துப் போகாதே.

கே: இதையெல்லாம் இங்கிருந்து பார்க்க முடியுமா?
*– ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளி, சுங்கை சிப்புட்*

தப்பும் காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது ஐயா. ஹைட்ரஜன் ஒளிரும் புற ஊதா நிறம் நம் வளிமண்டலத்துக்குள்ளேயே வராது. செவ்வாயைப் பார்க்கலாம். 2027 பிப்ரவரி 19 அன்று அது சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. இருட்டியதும் கிழக்கில் செந்நிறமாக, மக நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் எழும். பத்து மணிக்கு மேல் செம்பனை மட்டைகளுக்கு மேலே வந்துவிடும். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிவாக்கில் கிட்டத்தட்ட உச்சி. கண்ணே போதும். 4 அங்குலத் தொலைநோக்கி இருந்தால் சிறு வட்டமாகத் தெரியும், பட்டணத்து விளக்கை விட்டுத் தோட்டத்துப் பக்கம் போவது நல்லது.

இம்முறை செவ்வாய் நம்மிடமிருந்து 10 கோடி கிலோமீட்டர் தொலைவில், தன் பாதையில் சூரியனுக்கு மிகத் தள்ளிய இடத்தை ஒட்டி இருக்கும். புழுதி அடங்கிய, குளிர்ந்த பருவம். நீங்கள் பார்க்கப்போவது ஹைட்ரஜனை மிகக் குறைவாக இழந்துகொண்டிருக்கும் செவ்வாயை.